கதிரவனில் கண்ட வாயுவும் கடுங்குளிர்க் காந்தங்களும்

கோடம்பாக்கம் என்ற பெயரைக் கேட்டதும் திரைப்பட உலகமே எவர் நினைவிலும் எழும். ஆற்காட்டு நவாபின் குதிரைகள் நின்ற தோட்டம், அதாவது உருதுமொழியில் 'கோடா பாக்', என்பதே இப்பெயரின் மூலம் எனக் கூறுவாரும் உளர். நுங்கம்பாக்கம், சேப்பாக்கம், கீழ்ப்பாக்கம் எனச் சுற்றுவட்டாரம் முழுவதும் 'பாக்கம்' என்னும் பழந்தமிழ் ஈறு நிறைந்திருக்கக் காணும் நமக்கு அவ்விளக்கம் முழு நிறைவு தருவதில்லை. அது நிற்க.

அந்தக் கோடம்பாக்கத்திலிருந்து வடபழனி நோக்கிச் செல்லும் ஆற்காடு சாலையில் இன்று படப்பிடிப்புத் தளங்களைவிட மருத்துவமனைகளும் ஸ்கேன் நிலையங்களுமே அதிகம் கண்ணில் படுகின்றன. எம்.ஆர்.ஐ. அறையில் நோயாளி ஒருவர் குழாய் போன்ற இயந்திரத்தினுள் அசையாது படுத்திருக்கிறார். அவர் உடலின் வெப்பம் 37 பாகை செல்சியஸ். அவரைச் சுற்றி ஒரு முழத் தொலைவுக்குள், சுழியத்துக்குக் கீழே 269 பாகையில், பல கிலோமீட்டர் நீளக் கம்பியாலான சுருள்கள் திரவ ஹீலியத்தில் மூழ்கிக் கிடக்கின்றன. அச்சுருள்களில் ஓடும் மின்சாரம் இயந்திரத்தை நிறுவிய நாளில் ஏற்றப்பட்டது. இரவில் பணியாளர்கள் விளக்கை அணைத்துவிட்டு வீடு திரும்பிய பின்னும் காந்தம் அணைவதில்லை. ஆண்டுக்கணக்கில் அதே மின்னோட்டம் சுற்றிக்கொண்டேயிருக்கிறது.

இத்தகைய காந்தத்தை எவ்வாறு வடிவமைக்கின்றனர், எவ்வாறு சோதிக்கின்றனர், இக்கலையில் நம் நாட்டவர் எவ்வளவு தூரம் வந்துள்ளனர் என்பனவற்றை இங்கே காண்போம்.

அடுத்த ரயில் நிலையத்துக் கதை

கோடம்பாக்கத்திற்கு அடுத்த ரயில் நிலையம் நுங்கம்பாக்கம். கிழக்கிந்தியக் கம்பெனியார் 1792-இல் வானாய்வுக்கூடம் அமைத்த இடம் அது. இன்று அங்கே வானிலை ஆய்வு மையம் இயங்குகிறது. புயல் காலத்தில் தொலைக்காட்சியில் 'நுங்கம்பாக்கத்தில் இத்தனை மில்லிமீட்டர்' என்று நாம் கேட்பது அங்கிருந்துதான்.

அந்த ஆய்வுக்கூடத்தின் தலைமையை 1861 முதல் 1891-இல் மறையும்வரை வகித்தவர் நார்மன் போக்சன். விண்மீன்களின் ஒளிர்வை அளக்க இன்றும் பயன்படும் கணக்குமுறை அவருடையது. 1868 ஆகஸ்டு 18 அன்று தென்னிந்தியாவில் முழுச் சூரிய கிரகணம் நிகழ்ந்தது. போக்சன் மசூலிப்பட்டினம் சென்றார். அவருடைய உதவியாளரும் சென்னைக்காரருமான ரகுநாதாச்சாரி வனபர்த்திக்குச் சென்றார். பிரான்சிலிருந்து வந்த ஜான்சன் குண்டூரில் முகாமிட்டார். கதிரவனின் விளிம்புச் சுடர்களின் ஒளியைப் பிரித்துப் பார்த்தபோது மஞ்சள் நிறத்தில் ஒரு பளிச்சிடும் கோடு தெரிந்தது. சோடியத்தின் கோடு இருக்கும் இடத்திலோ அதற்கு அருகிலோ அது இருப்பதாகப் போக்சன் ஐயத்துடன் பதிந்துவைத்தார். அந்த 'அருகில்' என்ற ஐயம்தான் வரலாறு. இரண்டுக்கும் இடைவெளி ஏறத்தாழ ஒன்றரை நானோமீட்டர்தான். அவ்வாண்டின் இறுதியில் இங்கிலாந்தில் லாக்யர் அதே கோட்டைத் துல்லியமாக அளந்து, மண்ணுலகில் அதுவரை அறியப்படாத தனிமத்தினது எனக் கருதினார். கதிரவனின் கிரேக்கப் பெயரால் அது ஹீலியம் எனப்பட்டது. 1895-இல் ராம்சே யுரேனியக் கனிமம் ஒன்றிலிருந்து அதைப் பிரித்தெடுக்கும் வரை ஐயுற்றோர் பலர். பாடநூல்கள் ஜான்சனையும் லாக்யரையும் சொல்லி நின்றுவிடுகின்றன. சென்னை வானாய்வுக்கூடத்துக்கு அவற்றில் ஒரு வரியேனும் கிடைத்திருக்கலாம் என்பது நம் கருத்து.

எல்லா வாயுக்களிலும் கடைசியாகத் திரவமாகப் பணிந்தது ஹீலியமே. 1908 சூலை 10 அன்று ஆலந்தின் லைடன் நகரில் காமர்லிங் ஓன்னஸ் அதை வென்றார். மோனசைட் மணலைச் சுட்டுச் சேர்த்த 360 லிட்டர் வாயுவிலிருந்து கிடைத்த திரவம் 60 மில்லிலிட்டர், ஒரு சிறு தேநீர்க் கோப்பை அளவு. மூன்றாண்டுகள் கழித்து, 1911-இல், அக்குளிரில் பாதரசத்தின் மின்தடை அடியோடு மறையக் கண்டார். மீக்கடத்துத்திறன் எனப்படுவது இதுவே. தடையே இல்லையெனில் வெப்பமும் இல்லை. எனவே வலிமைமிக்க மின்காந்தங்களை எளிதில் செய்யலாம் என ஓன்னஸ் கனவு கண்டார். ஆயினும் அவர் சுற்றிய ஈயச் சுருள், தான் உண்டாக்கிய சிறு காந்தப்புலத்தையே தாங்காமல் தன் மீக்கடத்துத்திறனை இழந்தது. வலிய புலத்திலும் நிலைத்து நிற்கும் உலோகச் சேர்மங்கள் 1960-களின் தொடக்கத்தில்தான் கைக்கு வந்தன. அவற்றுள் எளிதில் கம்பியாக இழுக்கத்தக்கது நையோபியமும் டைட்டானியமும் கலந்த உலோகக்கலவை. ஸ்கேன் நிலையங்களில் உள்ள மீக்கடத்துக் காந்தங்கள் பெரும்பாலும் அதனால் ஆனவையே.

வடிவமைப்பாளரின் கணக்கு

மீக்கடத்தி மூன்று வேலிகளுக்குள் வாழ்வது. வெப்பநிலை ஒன்று, காந்தப்புலம் ஒன்று, மின்னோட்ட அடர்த்தி ஒன்று. நையோபியம்-டைட்டானியம் காந்தப்புலமே இல்லாதபோது ஏறத்தாழ 9 கெல்வின் வரை தாங்கும். புலம் ஏற ஏற அந்த எல்லை இறங்கும். திரவ ஹீலியத்தின் கொதிநிலை 4.2 கெல்வின். ஆக, இருக்கும் இடைவெளி சில பாகைகளே. மின்னோட்டம் ஏற்றியபின் அதுவும் சுருங்கிவிடும். மையத்தில் 1.5 டெஸ்லா இருந்தால் போதுமென மருத்துவர் கூறலாம். ஆனால் சுருளின் உள்விளிம்பிலுள்ள கம்பி அதைப்போல் இருமடங்குக்கும் மேற்பட்ட புலத்தில் நிற்கக்கூடும். சங்கிலியின் வலிமை அதன் நொய்ந்த கண்ணியளவே என்பது இங்கே அப்படியே பொருந்தும். அந்த ஒரு சுற்றை வைத்தே முழுக் காந்தத்தின் எல்லையையும் கணக்கிடுகின்றனர்.

கம்பியின் அமைப்பும் கவனிக்கத்தக்கது. மீக்கடத்தி ஒரே தடித்த தண்டாக இருப்பதில்லை. தலைமுடியினும் மெல்லிய பல இழைகளாகச் செம்பினுள் புதைக்கப்பட்டிருக்கும். தடித்த தண்டில் காந்தப்பாயம் திடீர் திடீரெனப் பாய்ந்து வெப்பத்தை உண்டாக்கும். மெல்லிழையில் அக்குறை இல்லை. செம்பு எதற்கு? ஏதேனும் ஓரிடத்தில் இழை தன் நிலை இழந்தால், மின்னோட்டம் கணப்பொழுது செம்பின் வழியே சென்று தப்பிக்கும்.

அவ்வாறு நிலை இழக்கச் செய்வது எது? இங்கேதான் இக்கலையின் கடினம் முழுவதும் அடங்கியுள்ளது. 4 கெல்வினில் செம்பை ஒரு பாகை சூடாக்கத் தேவைப்படும் வெப்பம், அறை வெப்பநிலையில் தேவைப்படுவதில் ஏறத்தாழ நாலாயிரத்தில் ஒரு பங்குதான். ஆதலால் ஒரு கம்பி மைக்ரான் கணக்கில் நகர்ந்து உரசினாலும், சுருளை இறுக்கிப் பிடித்திருக்கும் எப்பாக்சிப் பசையில் மயிரிழை போன்ற விரிசல் ஒன்று விழுந்தாலும், அந்த அற்ப வெப்பமே போதும். நகரச் செய்யும் விசையோ அற்பமானதன்று. 1.5 டெஸ்லா புலத்தின் அழுத்தம் ஏறக்குறைய 9 வளிமண்டல அழுத்தம். 8 டெஸ்லாவைத் தாண்டினால் அது 250-ஐக் கடந்துவிடும். சுருள் சுற்றுவோரின் கைத்திறன், கம்பியின் இழுவிசை, பசை ஊறும் பக்குவம் ஆகியவை கணிப்பொறிக் கணக்குக்கு ஒப்பான மதிப்புப் பெறுவது இதனால்தான்.

நெரிசலான நகரத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. காந்தப்புலம் சுவரோடு நிற்பதில்லை. பக்கத்துக் கட்டடத்தில் இதய முடுக்கி பொருத்திய ஒருவர் அமர்ந்திருக்கலாம். எனவே வெளிப்புறத்தில் எதிர்த்திசையில் மின்னோட்டம் செல்லும் சுருள்களை அமைத்து, கசியும் புலத்தை அழிக்கின்றனர். கோடம்பாக்கத்தின் குறுகிய மனைகளில் இவ்வியந்திரங்களை வைக்க முடிவது இந்த ஏற்பாட்டினாலேயே.

குளிரைக் காப்பது தனிக்கலை. ஒரு வாட் வெப்பம் உள்ளே கசிந்தால் மணிக்கு 1.4 லிட்டர் திரவ ஹீலியம் ஆவியாகிவிடும். அந்த ஒரு வாட்டை 4.2 கெல்வினிலிருந்து வெளியேற்ற, இயற்கை விதிப்படியே குறைந்தது 70 வாட் தேவை. நடைமுறையில் பல நூறு வாட் பிடிக்கும். ஆகவே வெற்றிடத்தினுள், அலுமினியம் பூசிய மெல்லிய தாள்களைப் பல அடுக்காகச் சுற்றி, இடையே குளிர்ந்த உலோகக் கேடயம் ஒன்றை நிறுத்தி, வெப்பம் கடத்தாத மெல்லிய தாங்கிகளில் பல டன் எடையைத் தொங்கவிடுகின்றனர். எடையைத் தாங்கவேண்டும், வெப்பத்தை மட்டும் கடத்தக் கூடாது.

சோதனைக்கூடத்தில்

முதலில் கம்பியின் மாதிரித் துண்டுகளைச் சோதிப்பர். பின்னர் இணைப்புகள். ஸ்கேன் காந்தத்தில் மின்னோட்டம் மூடிய வளையமாகச் சுற்றுவதால், இணைப்புகளின் தடை ஏறத்தாழ இல்லையெனவே சொல்லத்தக்க அளவில் இருத்தல் வேண்டும். புலம் மணிக்கு ஒரு கோடியில் ஒரு பங்குக்கு மேல் குறையலாகாது என்பது வழக்கமான அளவை. அடுத்து, கலத்தில் ஊசிமுனையளவு கசிவும் இல்லை என்று ஹீலியத்தைக் கொண்டே தேர்ந்து பார்ப்பர். எதிலும் புகுந்து வெளிவரும் அந்த வாயுவே கசிவுக்கு நல்ல ஒற்றன்.

பிறகு குளிர்விப்பு. நேரடியாகத் திரவ ஹீலியத்தை ஊற்றினால் செல்வம் கரைந்துவிடும். முதலில் மலிவான திரவ நைட்ரஜனால் 77 கெல்வினுக்குக் கொண்டுவந்தால், செம்பிலுள்ள வெப்பத்தில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் அங்கேயே நீங்கிவிடுகிறது. அதன்பின் நைட்ரஜனைச் சொட்டு மீதமின்றி வெளியேற்ற வேண்டும்; இல்லையேல் அது உள்ளே கல்லாய் உறைந்து வழியை அடைக்கும். ஹீலியத்தையும் மெதுவாகவே விடுவர். திரவம் ஆவியாகும்போது எடுத்துச்செல்லும் வெப்பத்தைவிட, அந்தக் குளிர்ந்த ஆவி அறை வெப்பநிலை வரை ஏறும்போது எடுத்துச்செல்லும் வெப்பம் எழுபது மடங்குக்கும் அதிகம். அவசரப்படுபவர் அந்த ஆவியை வீணே வெளியே விடுகிறார். பொறுமையுள்ளவர் அதனிடம் வேலை வாங்குகிறார்.

காந்தம் முழுதும் குளிர்ந்தபின் மின்னோட்டத்தைப் படிப்படியாக ஏற்றுவர். குறித்த அளவை எட்டுமுன்னரே ஏதோ ஒரு கம்பி நகர்ந்து, சுருள் நிலைகுலையும். பொறியாளர் இதைக் 'குவெஞ்ச்' என்பர். மீண்டும் குளிர்வித்து மீண்டும் ஏற்றினால், இம்முறை சற்று மேலே செல்லும். நகர்ந்த கம்பி தனக்குரிய இடத்தில் அமர்ந்துவிட்டது என்பது பொருள். இவ்வாறு விழுந்து விழுந்து எழுவதற்குப் 'பயிற்சி' என்றே பெயரிட்டுள்ளனர். பயிற்சியில் முன்னேறாத காந்தம் குறையுள்ளது.

நிலைகுலைவின்போது காந்தத்தைக் காக்கும் முறை வியப்புக்குரியது. ஸ்கேன் காந்தமொன்றில் சில மெகாஜூல் ஆற்றல் சேர்ந்திருக்கும். அது முழுவதும் முதலில் சூடான அந்த ஒரு புள்ளியிலேயே வெப்பமாக மாறினால் கம்பி உருகிவிடும். எனவே ஆபத்து தொடங்கியதும், சுருளின் மற்றப் பகுதிகளையும் வேண்டுமென்றே சூடாக்கி, எல்லாக் கம்பிகளும் சுமையைப் பகிர்ந்துகொள்ளச் செய்கின்றனர். ஒரு மெகாஜூல் வெப்பம் ஏறக்குறைய 390 லிட்டர் திரவ ஹீலியத்தைக் கொதிக்கவைக்க வல்லது. ஒரு லிட்டர் திரவம் வெளியே வந்தால் சுமார் 750 லிட்டர் வாயு. ஆயிரத்து ஐந்நூறு லிட்டர்க் கலம் ஒன்று காலியாகுமானால் பத்து லட்சம் லிட்டருக்கு மேற்பட்ட வாயு நிமிடங்களில் பொங்கும். ஸ்கேன் நிலையங்களின் கூரையிலோ பின்புறச் சுவரிலோ தலைநீட்டும் தடித்த குழாய் இதற்காகவே உள்ளது. அதை அடைத்தோ, பறவை கூடுகட்ட விட்டோ வைத்தால், வாயு நோயாளி இருக்கும் அறைக்குள் புகுந்து, மூச்சுக்குரிய காற்றை விரட்டிவிடும். தெருவில் போகும் நாம் கவனியாத அக்குழாய் ஓர் உயிர்காக்கும் உறுப்பாகும்.

செர்ன் சுரங்கத்தில் இந்தியர்

உலகின் மிகப்பெரிய காந்தச் சோதனை ஜெனீவாவுக்கு அருகே செர்ன் ஆய்வகத்தில் நடந்தது. 27 கிலோமீட்டர்ச் சுற்றளவுடைய அந்தத் துகள் மோதுகலனுக்கு 1,232 பெருங்காந்தங்கள் தேவைப்பட்டன; ஒவ்வொன்றும் 15 மீட்டர் நீளம், சுமார் 35 டன் எடை. 1.9 கெல்வினில், 11,850 ஆம்பியரில், 8.33 டெஸ்லா புலத்தை அவை தரவேண்டும். அத்தனையையும் சுரங்கத்தில் இறக்குமுன் ஒவ்வொன்றாகக் குளிர்வித்துச் சோதித்தனர். இப்பணியில் பெரும்பங்கு இந்திய அணுசக்தித் துறையின் நிறுவனங்களிலிருந்து முறைவைத்துச் சென்ற நம் பொறியாளர்களும் தொழில்நுட்பப் பணியாளர்களும் ஆற்றியதாகும். இரவு பகலாக மூன்று முறைப்பணியில் அவர்கள் உழைத்தனர். மேலும், பெருங்காந்தங்களின் முனைகளில் புலத்தின் சிறு பிழைகளைத் திருத்தும் மீக்கடத்துக் காந்தங்கள் 1,700-க்கும் மேற்பட்டவை இந்தூர் ராஜா ராமண்ணா மையத்தின் பொறுப்பில் இந்தியாவில் செய்து அனுப்பப்பட்டன.

இத்தனை சோதனைக்குப் பிறகும் 2008 செப்டம்பர் 19 அன்று பெருவிபத்து நேர்ந்தது. மின்னோட்டம் 8,700 ஆம்பியரை நெருங்கியபோது, இரண்டு காந்தங்களுக்கு இடையிலான ஓர் இணைப்பு சூடேறி உருகியது. மின்பொறி ஹீலியக் கலத்தைத் துளைத்தது. சுமார் 6 டன் ஹீலியம் சுரங்கத்தில் பீறிட்டது. டன் கணக்கில் எடையுள்ள காந்தங்கள் பெயர்ந்து நகர்ந்தன. 53 காந்தங்களை மேலே எடுக்க நேர்ந்தது. கருவி மீண்டும் இயங்க 2009 நவம்பர் ஆயிற்று. குறை தனித்தனியே சோதிக்கப்பட்ட காந்தங்களில் இல்லை. அவற்றைச் சுரங்கத்தில் வைத்து ஒன்றோடொன்று இணைத்த இடத்தில் இருந்தது. ஓர் இணைப்பின் தடை இருக்கவேண்டிய அளவைவிடப் பன்மடங்கு மிகுந்திருந்தது. அவ்வளவாயினும் அது ஓர் ஓமின் கோடியில் சில பங்குதான்.

சொந்தக் காந்தத்தைத் தேடி

பிறருக்குச் சோதித்துக் கொடுத்தவர்கள் தமக்கெனச் செய்தவை யாவை? கொல்கத்தாவின் மாறு ஆற்றல் சைக்ளோட்ரான் மையத்தார் தம் மீக்கடத்துச் சைக்ளோட்ரானின் சுருளைத் தாமே சுற்றி, 2005-இல் திரவ ஹீலியத்தில் குளிர்வித்து மின்னூட்டினர். 2009-இல் துகள்கள் உள்ளே சுழன்றன. எனினும் கற்றையை வெளியே எடுக்கும் பணி ஆண்டுக்கணக்கில் இழுத்தது. காந்தப்புலத்தை மறுபடி அளந்து திருத்த வேண்டியதாயிற்று. குளிர்விப்பதில் பெற்ற வெற்றி புலத்தின் துல்லியத்தை உறுதிசெய்துவிடாது என்பதற்கு இது சான்று. நம் தமிழகத்தில், கல்பாக்கம் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தார் திரவ ஹீலியத்தில் இயங்கும் நுண்ணுணர்விகளைக் கொண்டு, இதயமும் மூளையும் உண்டாக்கும் மிக நுண்ணிய காந்தப்புலங்களை அளந்துள்ளனர். அடையாற்றை அடுத்த இந்தியத் தொழில்நுட்பக் கழகத்திலும் திரவ ஹீலிய ஆய்வு நெடுங்காலமாக நடைபெறுகிறது.

மருத்துவக் காந்தம்தான் மக்களின் பணப்பையைத் தொடுவது. இயந்திரங்கள் பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து வருவதால், ஒரு ஸ்கேனுக்குச் சில ஆயிரம் ரூபாய் ஆகிறது. தினக்கூலி பெறுபவர் அதற்கு ஒரு வார ஊதியத்தை எண்ணிவைக்க வேண்டும். புதுதில்லிப் பல்கலைக்கழகங்களிடை முடுக்கி மையம் 1.5 டெஸ்லா முழு உடல் காந்தத்தை வடிவமைத்துச் செய்யும் பணியை ஏற்றது; ஏனைய பகுதிகளை சமீர் முதலிய நிறுவனங்கள் ஏற்றன. அக்கருவியைத் தில்லி எய்ம்ஸ் மருத்துவமனையில் சோதிப்பதற்கான உடன்பாடு 2025 மார்ச்சில் அறிவிக்கப்பட்டது. மருத்துவர்கள் வெளிநாட்டுப் படத்தோடு இதன் படத்தை அருகருகே வைத்துப் பார்ப்பர். அதற்குமேல் கடுமையான சோதனை வேறில்லை.

ஹீலியம் எங்கிருந்து வருகிறது? யுரேனியமும் தோரியமும் பாறைக்குள் சிதையும்போது பிறந்து, கோடிக்கணக்கான ஆண்டுகள் இயற்கை எரிவாயுவோடு அடைபட்டுக் கிடப்பது அது. ஒருமுறை காற்றில் கலந்துவிட்டால் மேலேறி விண்வெளிக்கே போய்விடும். வளைகுடாவில் வேலை பார்க்கும் உறவினர் நம்மில் பலருக்கு உண்டு. ஆனால் கத்தாரின் ராஸ் லஃபான் ஆலைகள் உலகின் ஸ்கேன் அறைகளோடு பிணைந்திருப்பதை அறிந்தோர் குறைவு. அங்கே 2005-இல் முதலாவது ஹீலிய ஆலையும் 2013-இல் இரண்டாவதும் தொடங்கின. 2017 சூனில் அண்டை நாடுகள் எல்லையை மூடியபோது அவ்விரு ஆலைகளும் சில நாள் நின்றன. உலகெங்கும் ஆய்வகங்கள் கலங்கின. இங்கே தமிழகத்தில், குத்தாலத்து எரிவாயுவில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவாக ஹீலியம் இருக்கிறது. கொல்கத்தா மையத்தார் ஓ.என்.ஜி.சி.யோடு சேர்ந்து அங்கே சோதனை ஆலை அமைத்துப் பிரித்தெடுத்துப் பார்த்துள்ளனர். குமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சி மோனசைட் மணலிலும் அது பொதிந்துள்ளது. இவையெல்லாம் நாட்டின் தேவையைத் தீர்க்கும் அளவின அல்ல.

ஆதலால் ஹீலியத்தைச் சிக்கனப்படுத்தும் காந்தங்கள் இப்போது சந்தைக்கு வந்துள்ளன. ஆயிரத்து ஐந்நூறு லிட்டருக்குப் பதில் 7 லிட்டரை மட்டும் முத்திரையிட்டு அடைத்தவை சில. திரவமே இன்றிக் குளிர்ப்பொறியால் நேரடியாகக் குளிர்விப்பவை சில. பெங்களூரில் உருவான அத்தகைய உலர்காந்த இயந்திரம் ஒன்று 2025-இல் மகாராஷ்டிரத்தின் சந்திரப்பூர்ப் புற்றுநோய் மருத்துவமனையில் நிறுவப்பட்டது. இவற்றுக்குக் கூரைவரை செல்லும் தடித்த குழாய் தேவையில்லை. மாடிக் கட்டடத்திலும் வைக்கலாம். ஆனால் ஒரு வேறுபாட்டை வாங்குவோர் முன்பே எண்ணவேண்டும். 2015 டிசம்பரில் அடையாறு பெருகி ஜாபர்கான்பேட்டையும் சுற்றுப்புறங்களும் மூழ்கியபோது, நாட்கணக்கில் மின்சாரம் இல்லாத தெருக்கள் பல. திரவம் நிறைந்த பழைய காந்தம், குளிர்ப்பொறி நின்றாலும், சிறுகச் சிறுக ஹீலியத்தை ஆவியாக்கியபடியே பல நாள் தன் நிலையைக் காத்துக்கொள்ளும். உலர்காந்தத்துக்கு அந்தச் சேமிப்பு இல்லை. மின்சாரம் நின்ற சில மணி நேரத்தில் சூடேறி நிலைகுலையும். அதில் ஹீலியம் வீணாகாது. ஆனால் மீண்டும் குளிர்ந்து மின்னூட்டம் பெறும்வரை ஸ்கேன் நடவாது. ஆற்காடு சாலையில் அத்தகைய இயந்திரத்தை நிறுவ விரும்புவோர், அதன் விலையோடு டீசல் ஜெனரேட்டரின் விலையையும், அந்த ஜெனரேட்டரை வெள்ளம் எட்டாத எந்தத் தளத்தில் வைப்பது என்பதையும் சேர்த்தே கணக்கிட வேண்டியிருக்கும்.